கரண்டு போனால் போனும் போச்சு! வீட்டுக்கு இண்டர்நெட் போன் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஆம்பூர்,

"போன் இருந்தும் ஊமையா நின்னுட்டேங்க!"

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர் நம்மிடம் சொன்ன முதல் வார்த்தை இது.

ராத்திரி 2 மணி. தெருவே இருட்டு. கரண்டு போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தூங்கிக்கொண்டு இருந்த மனைவி திடீர் என்று எழுந்து உட்கார்ந்து, "மூச்சு விட முடியலே" என்றார். பெரியவர் இருட்டில் தடவிக்கொண்டே போய் டெலிபோனை எடுத்தார். சத்தமே இல்லை. தட்டினார், ஆட்டினார். ஊகும்!

செல்போனை எடுத்தார். அதில் சார்ஜ் இல்லை.

மகன் துபாயில். மகள் பெங்களூரில். வீட்டில் இருப்பது இரண்டு கிழங்கள். என்ன செய்வார்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்ன சார், இந்த நேரத்துல?" என்று கேட்டபடி வந்த பாய், விஷயத்தைக் கேட்டதும் தன் செல்போனில் 108-க்குப் பேசினார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாள் இப்போது நலமாக இருக்கிறார்.

"காலையில கரண்டு வந்ததும் போன் ஜம்முனு வேலை செய்யுது. இன்னா பிரயோஜனம்? முப்பது வருஷமா எங்க வீட்டுல டெலிபோன் இருந்திச்சு. கரண்டு போய் அது நின்னதே கிடையாது. புதுசா பெட்டி மாட்டினவங்க, கரண்டு இல்லேன்னா போனும் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!" என்கிறார் பெரியவர்.

சொல்லாத ரகசியம்

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பழைய டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரம் நம் வீட்டில் இருந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள பெரிய பேட்டரிகளில் இருந்து 48 வோல்ட் மின்சாரம் செம்புக் கம்பி வழியாகவே வந்தது. ஊரே இருண்டு கிடந்தாலும் 'டயல் டோன்' கேட்டதற்குக் காரணம் அதுதான்.

இப்போது வீட்டுக்கு வருவது கண்ணாடி இழைக் கம்பி. 'பைபர்' என்கிறார்கள். அதில் வருவது ஒளி. மின்சாரம் வராது. அந்த ஒளியைக் குரலாக மாற்ற வீட்டில் ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்கு வீட்டுக் கரண்டு வேண்டும். கரண்டு போனால் பெட்டி படுத்துவிடும். பெட்டி படுத்தால் போனும் படுத்துவிடும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பழைய செம்புக் கம்பி போன்களைக் கொடுத்துவிட்டு இண்டர்நெட் போனுக்கு மாறும் குடும்பங்கள் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நல்ல வசதிதான். தெரிந்து வைக்க வேண்டும், அவ்வளவே!

'லைட்னிங் கால்' காலம்

தோல் வியாபாரத்துக்கும் டெலிபோனுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல.

பேரணாம்பட்டில் பதப்படுத்திய தோலுக்கு விலை பேச வேண்டும் என்றால், அந்தக் காலத்தில் 'டிரங்கால்' புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண கால், அர்ஜண்ட் கால், அதற்கும் மேலே லைட்னிங் கால். அர்ஜண்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு! லைன் கிடைத்ததும் தெருவே கேட்கும்படி "ஹலோ... ஹலோ..." என்று கத்துவார்கள்.

ஆபரேட்டர் இல்லாமல் நாமே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி, இந்தியாவில் முதன்முதலாக 1960-ம் ஆண்டு லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. கான்பூரும் நம் ஆம்பூர், வாணியம்பாடி போல தோலுக்குப் பேர் போன ஊர் என்பது வேடிக்கையான ஒற்றுமை!

பிறகு தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள தெருக்களில் பூத்து வாசலில் வங்காளிகளும் அசாம்காரர்களும் வரிசையில் நின்றதை அந்தப் பகுதிக் கடைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த செய்தியை ஊருக்குச் சொல்ல, கட்டணம் குறையும் ராத்திரி நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்கள்.

1990-களின் கடைசியில் அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் பேச 60 ரூபாய்க்கு மேல் ஆனது. மீட்டரைப் பார்த்தபடி அழுதவர்கள் உண்டு. அழுகையைக்கூட சுருக்கமாக முடித்துக்கொண்ட காலம் அது!

சட்டம் திறந்த கதவு

இண்டர்நெட் வழியாகப் பேசுவது நம் நாட்டில் முதலில் தடை செய்யப்பட்டு இருந்தது. 2002-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் பாதிக் கதவுதான். கம்ப்யூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம். வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம். உள்ளூர் டெலிபோனுக்குப் பேச முடியாது.

அடுத்த ஆண்டு, 2003-ல் 'ஸ்கைப்' வந்தது. கம்ப்யூட்டர் சென்டர்களில் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வளைகுடா நாட்டில் உள்ள பிள்ளைகளோடு தாய்மார்கள் பேசினார்கள். 22 ஆண்டுகள் ஓடிய அந்த ஸ்கைப், 2025-ம் ஆண்டு மே 5-ந் தேதி மூடப்பட்டுவிட்டது.

2018-ம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய டெலிகாம் இலாகா மீதிக் கதவையும் திறந்தது. லைசென்சு பெற்ற கம்பெனிகள் இண்டர்நெட் வழியாக எந்தப் போனுக்கும் பேசும் வசதியைத் தரலாம் என்று தெளிவுபடுத்தியது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற பெயரில் ஆண்டுக்கு ரூ.1,099 கட்டணத்தில் இந்த வசதியை அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜியோ பைபர் வந்தது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும், 2020 ஜனவரியில் ஜியோவும் 'வை-பை காலிங்' என்ற வசதியைத் தொடங்கின.

தோல் கட்டு போலத்தான்!

இண்டர்நெட்டில் குரல் எப்படிப் போகிறது?

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஆயிரம் தோலை ஒரே மூட்டையாக யாரும் அனுப்புவது இல்லை. கட்டு கட்டாகப் பிரித்து, நம்பர் போட்டு, லாரியில் ஏற்றுகிறோம். ஒரு லாரி முன்னே போகும், ஒன்று பின்னே வரும். போய்ச் சேர்ந்த இடத்தில் நம்பர் பார்த்து அடுக்கிக்கொள்வார்கள்.

குரலும் அப்படியே. பெட்டி நம் பேச்சை ஒரு வினாடிக்கு 50 துண்டு என்ற கணக்கில் நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு அனுப்புகிறது. அந்தப் பக்கம் உள்ள கருவி அவற்றை வரிசையாக அடுக்கி மறுபடியும் குரலாக்குகிறது.

ஒரு கட்டு தொலைந்தால்? பேச்சில் ஒரு எழுத்து விழுங்கப்படும். கட்டுகள் தாமதமாக வந்தால்? நாம் "சாப்பிட்டியா?" என்று கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்!

ஆகவே போனுக்கு வேண்டியது அதிக வேகம் அல்ல, சீரான லைன். நல்ல தரத்தில் ஒரு கால் பேச ஒவ்வொரு பக்கமும் 100 கே.பி.பி.எஸ். வேகம் இருந்தாலே போதும். ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் சுமார் 80 எம்.பி.தான் செலவாகும். "போன் பேச 300 எம்.பி.பி.எஸ். பிளான் எடுங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

மூன்று வகை

இண்டர்நெட் போன் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் தொல்லை.

முதல் வகை, பைபர் பெட்டியில் மாட்டும் வீட்டுப் போன். வேலூருக்கு 0416, ஆம்பூர், வாணியம்பாடிக்கு 04174, ராணிப்பேட்டைக்கு 04172 என்று ஊர்க் குறியீட்டோடு எண் கிடைக்கும். எந்தப் போனுக்கும் பேசலாம். எந்தப் போனில் இருந்தும் வரும்.

இரண்டாவது வகை, வை-பை காலிங். கையில் இருக்கும் செல்போன், அதே எண். வீட்டுக்குள் டவர் கிடைக்காத இடத்தில் வை-பை வழியாகப் பேசும். தடித்த சுவர் வைத்த பழைய வீடுகள், கான்கிரீட் லாட்ஜ் அறைகள், தோல் குடோன்கள் ஆகிய இடங்களுக்கு இது வரப்பிரசாதம். செல்போன் 'செட்டிங்ஸ்' பகுதியில் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. போட்டுவிட்டால் போதும்.

மூன்றாவது வகை, வாட்ஸ்அப் போன்ற 'ஆப்' வழிப் பேச்சு. இரண்டு பக்கமும் அதே ஆப் இருந்தால்தான் பேச முடியும். டெலிபோன் எண்ணுக்குப் பேச முடியாது. 108, 112 போன்ற அவசர எண்களுக்கும் பேச முடியாது. இதை வீட்டில் உள்ள சிறுவர், பெரியவர் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வைப்பது எப்படி?

வீட்டுப் போன் வைக்க விரும்புகிறவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை, பிளானில் போன் சேர்ந்து இருக்கிறதா என்று கேட்பது. இண்டர்நெட் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பெட்டியின் பின்பக்கம் டெலிபோன் ஒயர் சொருகும் சின்ன ஓட்டை இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, பழைய போனை எறிய வேண்டாம். பட்டன் போனாக இருந்தால் அதையே சொருகலாம். அடியில் 'பல்ஸ்', 'டோன்' என்று சுவிட்ச் இருந்தால் 'டோன்' பக்கம் வையுங்கள். விரல் விட்டுச் சுழற்றும் பழைய கறுப்புப் போன், பல பெட்டிகளில் ஒத்து வராது. மணி அடிக்கும், பேசலாம், ஆனால் டயல் செய்ய முடியாமல் போகலாம்.

மூன்றாவது, வீடு முழுக்க ஓடும் பழைய டெலிபோன் ஒயரில் புதுப் பெட்டியை இணைப்பதாக இருந்தால், வெளியே இருந்து வரும் செம்புக் கம்பியை முதலில் துண்டித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதில் வரும் மின்சாரம் பெட்டியைக் கெடுத்துவிடும்.

நான்காவது, வீட்டுப் போனில் இருந்து செல்போனுக்குப் பேசும்போது எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட வேண்டும். 2021-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி முதல் நாடு முழுதும் இந்த முறைதான். "புதுப் போன் வேலையே செய்யலே" என்று புகார் சொல்லும் பலர் இந்தப் பூஜ்யத்தை மறந்தவர்கள்!

ஐந்தாவது, கரண்டு. இதுதான் முக்கியம். இன்வெர்ட்டர் இருந்தால், அதன் லைனில் வரும் பிளக்கில் பெட்டியைச் சொருகுங்கள். இல்லாவிட்டால் இதற்கென்றே சின்ன பேட்டரிப் பெட்டிகள் விற்கின்றன. 'மினி யு.பி.எஸ்.' என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலான பைபர் பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. ஆனாலும் அடாப்டரில் எழுதி உள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பைபர் பெட்டியும் வை-பை பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் பேட்டரி வேண்டும்.

ஆறாவது, மாட்ட வந்தவர் கிளம்புவதற்குள் ஒரு சோதனை. மெயின் சுவிட்சை அணையுங்கள். போனை எடுங்கள். டோன் வருகிறதா? பக்கத்து வீட்டுக்கு ஒரு கால் போடுங்கள். பேசுகிறதா? அதற்குப் பிறகு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம்!

பேட்டரி வைத்தாலும் நூற்றுக்கு நூறு நம்பக்கூடாது. ரோடு தோண்டும் போது பைபர் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். கம்பெனியின் கருவிக்குக் கரண்டு போனாலும் நின்றுவிடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சார்ஜ் போட்ட சாதாரண செல்போன் ஒன்று எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

போர்டில் இருக்கும் எண்

கடைக்காரர்களுக்கும் தோல் கம்பெனிக்காரர்களுக்கும் இன்னொரு சிக்கல்.

கடை போர்டிலும், பில் புத்தகத்திலும், வெளிநாட்டு வாடிக்கையாளர் டைரியிலும் இருப்பது பழைய எண். செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுதும் வந்தது. வீட்டு டெலிபோன் எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. கம்பெனி மாறினால் எண் போச்சு!

ஒரே கம்பெனிக்குள் செம்புக் கம்பியில் இருந்து பைபருக்கு மாறினால் பழைய எண்ணே கிடைக்குமா என்று முன்னாலேயே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பழைய லைனை முதலில் சரண்டர் செய்துவிட்டு, அப்புறம் எண்ணுக்காக அலைய வேண்டாம்.

"எங்க அப்பா காலத்து நம்பருங்க. வெளிநாட்டுக்காரன் பேங்க் கணக்கு மாறிடுச்சுன்னு மெயில் வந்தா, இந்த நம்பருக்குப் போட்டு நிஜமான்னு கேப்பான். இந்த நம்பர் போனா எங்க மேல இருக்கிற நம்பிக்கையே போன மாதிரி" என்கிறார் வாணியம்பாடி தோல் வியாபாரி ஒருவர்.

பேக்ஸ் மிஷின் வைத்து இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இண்டர்நெட் போனில் பேக்ஸ் ஒழுங்காகப் போகும் என்று நம்ப வேண்டாம். பாதிப் பக்கத்தில் நின்றுவிடும்.

துபாய்க்கு எப்படி?

மேல்விஷாரம் முதல் வாணியம்பாடி வரை வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் தெருக்கள் உண்டு. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "சவுதியில இருந்து வாட்ஸ்அப்ல பேசுறான், துபாய்ல இருந்து ஏன் பேச முடியலே?" என்பது.

இங்கே உள்ள லைனில் கோளாறு இல்லை. அந்தந்த நாட்டுச் சட்டம் அப்படி. சவுதி அரேபியா 2017 செப்டம்பரில் இண்டர்நெட் பேச்சுக்கு இருந்த தடையை நீக்கியது. ஐக்கிய அரபு நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், குரல் பேச்சுக்குத்தான் கட்டுப்பாடு. அந்த நாட்டு அரசாங்கம் அனுமதித்த 'போட்டிம்' போன்ற ஆப்களில் பேசுகிறார்கள். தடையை ஏமாற்றும் குறுக்கு வழி ஆப்களைப் போட்டுக்கொண்டு, பிழைக்கப் போன இடத்தில் பிள்ளை மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வாடகைக்குப் பெட்டி: உஷார்!

கடைசியாக ஒரு எச்சரிக்கை.

"உங்க வீட்டு மாடி ரூமைக் கொடுங்க. ஒரு பெட்டி, ஒரு இண்டர்நெட் லைன் மட்டும் வைப்போம். ஆள் தங்க மாட்டாங்க. மாசம் நல்ல வாடகை" என்று யாராவது வந்தால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

அது 'சிம் பாக்ஸ்' என்ற திருட்டு எக்ஸ்சேஞ்ச் ஆக இருக்கலாம். வெளிநாட்டில் இருந்து இண்டர்நெட்டில் வரும் கால்களை, அந்தப் பெட்டியில் சொருகிய டஜன் கணக்கான சிம் கார்டுகள் வழியாக உள்ளூர்க் கால் போல மாற்றி அனுப்புவார்கள். அரசாங்கத்துக்கு நஷ்டம். மோசடிக்காரனுக்கு முகமூடி. போலீஸ் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை!

லைசென்சு இல்லாமல் டெலிபோன் சேவை நடத்தினால் 2023-ம் ஆண்டு டெலிகாம் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில், 2 கோடி ரூபாய் வரை அபராதம்.

அதே போல, "டெலிபோன் ஆபீசுல இருந்து பேசுறோம், உங்க லைனை ரெண்டு மணி நேரத்துல கட் பண்றோம், இந்த நம்பரை அழுத்துங்க" என்று வரும் கால்களை நம்பாதீர்கள். திரையில் உள்ளூர் எண் தெரிகிறது என்பதால் உள்ளூர்க்காரர் என்று அர்த்தம் இல்லை. சந்தேகக் கால்களை மத்திய அரசாங்கத்தின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் புகார் செய்யலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள்.

பெரியவர் வீட்டில்...

நாம் விடைபெறும் நேரம் ஆம்பூர் பெரியவர் வீட்டில் மறுபடியும் கரண்டு போனது.

பெரியவர் பதறவில்லை. மூலையில் பைபர் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டு இருந்தது. பக்கத்தில் புதிதாக வாங்கிய சின்ன பேட்டரி. சுவரில் காலண்டர் அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் 108, 112, பக்கத்து வீட்டு பாயின் எண். செல்போனுக்கு எண்களின் முன்னால் பூஜ்யம் போட்டு எழுதி இருந்தார்.

போன் மணி அடித்தது. பெங்களூரில் இருந்து மகள்.

"கரண்டு இருக்காப்பா?"

"இல்லேம்மா."

"அப்புறம் எப்படிப்பா பேசுறே?"

பெரியவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "அது ஒரு பெரிய கதைம்மா. உங்க அம்மாவையே சொல்லச் சொல்றேன், இரு" என்று ரிசீவரை மனைவியிடம் நீட்டினார்.